தலை தூக்கும் வரை

மே 28, புதன்

மகிழினி இப்போதுதான் தூங்கினாள். எழுதும்போதே ஒரு கண்ணை அவள் மேல் வைத்திருக்கிறேன். கட்டிலைக் கொடுத்துவிட்டதிலிருந்து எங்களுக்குத் தரையில்தான் படுக்கை. அவளைச் சுற்றி நாலு பக்கமும் தலையணை. துப்பட்டாவின் ஒரு முனையை அவள் கொலுசில் முடிந்து, மறுமுனையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். பரணி பார்த்தால் சிரிப்பார். சிரிக்கட்டும்.

இரண்டு வருடம் கழித்து இன்று கால்பந்து மைதானத்தில் இறங்கினேன். கையுறை காய்ந்து விறைத்துப்போயிருந்தது. வெந்நீரில் நனைத்த பிறகுதான் விரல் நுழைந்தது.

பிலோமினா அக்கா இந்த வருடம் ஆட்டத்தையே மாற்றிவிட்டார். அவர்தான் எங்கள் கோச். முன்பெல்லாம் பின்னால் கூட்டமாக நிற்போம், பந்து கிடைத்தால் முன்னால் தூக்கி அடிப்போம், யாராவது ஓடினால் உண்டு. இனிமேல் பந்து எங்களிடமேதான் இருக்க வேண்டுமாம். எல்லாம் சின்னச் சின்ன பாஸ், கீப்பரான நானும் அதில் ஒரு ஆள். பந்து பறிபோனால் யாரும் திரும்பி ஓடக் கூடாது. பறிபோன இடத்திலேயே, ஐந்து எண்ணுவதற்குள், இரண்டு மூன்று பேர் மொய்த்துப் பிடுங்க வேண்டும். அதற்கு எல்லோரும் நெருங்கி நிற்க வேண்டும் என்பதால், டிஃபன்ஸ் வரிசை நடுக்கோடு வரைக்கும் ஏறி நிற்கும்.

அவர்களுக்குப் பின்னால் நாற்பது மீட்டருக்கு வெறும் மண். அதில் நான் ஒருத்தி.

“கோல்போஸ்ட்டுக்குக் காவல் நிக்காத சுகந்தி, அது எங்கயும் ஓடிடாது,” என்றார் பிலோமினா அக்கா. “பின்னாடி இருக்கற மண்ணு பூரா உன்னுது. வெளிய வா.” எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இன்னொரு வேலையும் எனக்குத்தான். வரிசை எப்போது முன்னே போகும், எப்போது பின்னே வரும் என்பதை நான் கத்திச் சொல்ல வேண்டும். முன்னால் நிற்பவர்களுக்குப் பந்துதான் தெரியும், மொத்த மைதானமும் எனக்குத்தான் தெரியும். “ஏறு” என்றால் ஏறுவார்கள், “இறங்கு” என்றால் கோல் பக்கம் திரும்பி ஓடுவார்கள். இறங்கு சொல்ல ஒரே ஒரு விதி. பந்து வைத்திருக்கும் எதிராளி தலையைத் தூக்கித் தூரத்தைப் பார்க்க வேண்டும். குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருப்பவளால் நீளமாக அடிக்க முடியாது, அவளுக்காக இறங்கத் தேவையில்லை.

பிஎஸ்ஸி கணக்கு படித்தவளுக்கு இது புரியாதா? புரிந்தது.

மே 30, வெள்ளி

அண்ணி வந்து மகிழினியைப் பார்த்துக்கொள்கிறார், பயிற்சியும் ஆட்டமும் உள்ள நாட்களில் மட்டும். அண்ணி என்றால் பரணியின் அக்கா. ராகிக் கூழை எந்த டம்ளரில், எந்தச் சூட்டில் என்றெல்லாம் சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். “ரெண்ட பெத்து காலேஜுக்கே அனுப்பிட்டேன், எனக்குப் பரீட்ச வைக்கிறா பாரு,” என்று படித்துக்காட்டிக் கிண்டல். ஆனாலும் தாளைக் கிழிக்கவில்லை.

பயிற்சிக்கு நடுவே நான்கு முறை போன் செய்தேன். ஐந்தாவது முறை அவர் எடுக்கவில்லை. பத்து நிமிடம் எனக்கு எந்தப் பந்தும் கண்ணில் படவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாராம்.

ஜூன் 1, ஞாயிறு

மண்டல லீக், முதல் ஆட்டம். விழுப்புரத்தை 4–0.

மொத்தம் ஆறு அணிகள், ஆளுக்கு ஐந்து ஆட்டம். முதல் இரண்டு இடம் மாநிலச் சுற்றுக்குப் போகும்.

புது ஆட்டம் வேலை செய்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். விழுப்புரத்துப் பெண்கள் பந்தைத் தொட்ட மாத்திரத்தில் மூன்று பேர் மேலே விழுந்தார்கள். அவசரத்தில் அவர்களே வெளியே தட்டிவிட்டார்கள். நாலு கோலில் மூன்று, அவர்களுடைய கோலுக்கு இருபது மீட்டருக்குள் பிடுங்கிய பந்தில் வந்தவை. ஓடி ஓடிக் களைத்ததும் அவர்கள்தான். பந்து நம்மிடம் இருந்தால் நாம் நடக்கலாம், இல்லாதவன்தான் ஓட வேண்டும் என்று பிலோமினா அக்கா சொன்னது கண்ணெதிரே நடந்தது.

வினோதினிதான் இதற்கெல்லாம் மையம். டிஃபன்ஸுக்கு முன்னால் தனியாக நிற்பவள், இருபது வயது. தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிறாள், டவுனில் ஜவுளிக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். கடைசி ஆட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஓர் அரசுத் துறை அணிக்கு ஆள் எடுக்க வருகிறார்கள். எடுத்தால் வேலையும் சேர்ந்து வரும். “நாள் பூரா நின்னு புடவை விரிச்சுப் போடறதுக்கு, நாள் பூரா ஓடலாம்க்கா,” என்கிறாள். ஆட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்காமல் நேராக அண்ணி மடியிலிருந்து மகிழினியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

தொண்ணூறு நிமிடத்தில் பந்து என்னிடம் பதினொரு முறைதான் வந்தது. பந்தே வராத ஆட்டம் இவ்வளவு பயமாக இருக்கும் என்று தெரியாது.

ஜூன் 4, புதன்

இட்லி மாவு புளித்துவிட்டது. காஸ் புக் செய்ய மறந்துவிட்டேன். மகிழினி தனியாக வாசல் வரை நடந்தாள். கதவுக்குக் கீழ்த்தாழ்ப்பாள் போட வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

சிதம்பரம். 3–2. ஜெயித்தோம், ஆனால் அது ஜெயித்த மாதிரி இல்லை.

இந்தப் புது ஆட்டமுறையில் எது தப்பு என்று எழுதிவைக்கிறேன், நாளைக்கு யாராவது கேட்டால் சொல்லலாம். பத்துப் பேரும் ஒரே ஆளாக நகர்ந்தால்தான் இது ஆட்டம். முன்னால் மூன்று பேர் மொய்க்க, நடுவில் ஒருத்தி தாமதித்தால் அந்த மூன்று பேர் ஓடியதும் வீண். எழுபது நிமிடத்துக்கு மேல் யாருக்கும் கால் வரவில்லை. ஜூன் வெயிலில், நாலு மணி ஆட்டத்தில், ஐந்து எண்ணுவதற்குள் பிடுங்கு என்றால் எப்படி? பின்னால் இருக்கிற நாற்பது மீட்டரைப் பற்றித் தனியாக எழுதவே வேண்டாம்.

ஆனால் இரண்டு கோலும் அந்த நாற்பது மீட்டரில் வரவில்லை. இரண்டும் நடுவிலிருந்து, டிஃபன்ஸுக்கும் வினோதினிக்கும் இடையில் திறந்துகிடந்த இடத்திலிருந்து வந்தன. சிதம்பரத்துப் பெண் அங்கே நின்று பந்தை வாங்கி, திரும்பி, மூச்சு வாங்கிக்கொண்டு அடித்தாள். வினோதினி ஓடி வந்தாள், எட்டவில்லை.

பிலோமினா அக்கா தண்ணீர் பாட்டிலை வினோதினியிடம் எறிந்த வேகத்தைப் பார்த்தேன்.

ஜூன் 9, திங்கள்

பிலோமினா அக்கா போன் செய்தார். இரண்டு ஆட்டத்தின் வீடியோவையும் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். எந்த நிமிடத்தில் பந்து போனது, எங்கே போனது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒரு தாளில் கட்டம் போட்டுத் தர வேண்டும். “நீதான கணக்கு படிச்ச புள்ள.”

பரணியின் பழைய போனைத்தான் என் கோலுக்குப் பின்னால் வேலிக் கம்பியில் கட்டிவைக்கிறோம். இடைவேளையில் நான் பக்கம் மாறும்போது போனும் மாறும். படம் ஆடும், ஆனால் எல்லாம் தெரியும்.

ஜூன் 10, செவ்வாய்

அண்ணி மகிழினியைப் பூங்காவுக்குக் கூட்டிப்போன நேரத்தில் வீடியோ பார்த்தேன்.

போன் எனக்கு மிக அருகில் இருந்திருக்கிறது. என் குரல்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்கிறது.

ஜூன் 11, புதன்

திரும்பப் பார்த்தேன். படத்தை நிறுத்தி நிறுத்தி.

ஜூன் 12, வியாழன்

தாளைக் கொடுத்துவிட்டேன்.

அதில் உள்ளது எதுவும் பொய் இல்லை. சிதம்பரம் ஆட்டத்தில் நடுவில் இடம் திறந்தது ஏழு முறை. ஏழு முறையும் மிக அருகில் இருந்தது வினோதினி. சராசரியாக எட்டு மீட்டர் தள்ளி இருந்தாள். நிமிடம், இடம், ஆள் என்று மூன்று கட்டம் போடச் சொன்னார். மூன்று கட்டம் போட்டேன். நாலாவதாக ஒன்று போடச் சொல்லவில்லை.

மைதானத்திலேயே படித்துவிட்டு மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார் பிலோமினா அக்கா. பிறகு வினோதினியைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். தூரத்தில் வினோதினி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

மயிலாடுதுறை. 1–3.

வினோதினியை இடைவேளையில் வெளியே எடுத்துவிட்டார்கள். அவள் இருந்தபோது வாங்கிய கோல் இரண்டு, போன பிறகும் ஒன்று. யாரும் இதைக் கவனித்துச் சொல்லவில்லை.

மகிழினிக்கு லேசாகச் சளி. மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. சரியாகத்தான் இருக்கிறது. இன்னொரு முறை எண்ணுகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலில் வினோதினி இல்லை. பெஞ்ச்.

பயிற்சி முடிந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் என்னிடம் வந்தாள். கடையில் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டாராம், இந்த மாதத்தோடு ஞாயிறு லீவு கிடையாது என்று. கடைசி ஆட்டத்தில் ஆடினால்தான் சென்னைக்காரர்கள் பார்ப்பார்கள். அதற்குள் என்னதான் செய்யட்டும் என்று கேட்டாள்.

“அக்கா, நீங்க வீடியோ பாத்தீங்கல்ல. நான் எங்க நிக்கறேன்னு சொல்லுங்க. எனக்கு நான் சரியா நிக்கற மாதிரிதான் இருக்கு. ரோஸி டக்குன்னு பின்னாடி போயிட்றா, நான் திரும்பிப் பாத்தா அவ்ளோ பெரிய எடம் கெடக்கு.”

ரோஸி எங்கள் ஸ்டாப்பர் பேக், வரிசையை இழுத்துப் போகிறவள். நான் சொன்னால் ஓடுவாள்.

இன்னும் கொஞ்சம் பின்னால் நில் என்று சொல்லிவைத்தேன். சரிக்கா என்றாள். தாங்க்ஸ் என்றும் சொன்னாள்.

ஜூன் 18, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. துணி ஊறவைத்தது அப்படியே கிடக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இது என் நோட்டு, வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

அந்த ஏழில் ஆறு முறை “இறங்கு” என்று முதலில் நான் கத்தியிருக்கிறேன். எதிராளி தலையைத் தூக்கவே இல்லை. ஒருத்தி பந்தைக் காலில் சிக்கவைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தாள், அப்போதுகூடக் கத்தியிருக்கிறேன். என் குரல் கேட்டதும் ரோஸியும் மற்ற மூன்று பேரும் திரும்பி ஓடுகிறார்கள். முன்னால் மூன்று பேர் பிடுங்கப் போயிருக்கிறார்கள். நடுவில் வினோதினி ஒருத்தி, அவளைச் சுற்றி இருபத்தைந்து மீட்டர். அங்கே யாரை நிறுத்தினாலும் தாமதமாகத்தான் தெரிவாள்.

விழுப்புரம் ஆட்டத்திலும் கத்தியிருக்கிறேன். அவர்களுக்கு அந்த இடத்தைப் பயன்படுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பார்த்ததும் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஒரு சீசன் மட்டும் என்று பரணியிடம் கெஞ்சிக் கேட்டு வந்திருக்கிறேன். அண்ணி வெயிலில் பஸ் பிடித்து வருகிறார். பிலோமினா அக்கா எனக்காக இரண்டு வருடம் ஒன்றாம் நம்பர் சட்டையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாராம். இதையெல்லாம் எழுதும்போதே காரணம் தேடுகிறேன் என்று தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை சரியாகக் கத்திவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே வராது.

ஜூன் 22, ஞாயிறு

விருத்தாசலம். 1–1.

வினோதினி இடத்தில் ஆடிய பெண்ணும் அதே இடத்தில் மாட்டினாள். இடைவேளையில் அழுதுவிட்டாள். கத்தக் கூடாது, கத்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டேதான் நின்றேன். பந்து நடுக்கோட்டைத் தாண்டியதும் வாய் தானாகத் திறந்துவிட்டது. அது என் குரல் என்றே ஒரு நொடி தெரியவில்லை.

வினோதினி பெஞ்சில் மகிழினியை மடியில் வைத்திருந்தாள். முழு ஆட்டமும்.

ஏழு புள்ளி. கடைசி ஆட்டம் நாகப்பட்டினத்தோடு, அவர்கள்தான் முதலிடம். டிரா செய்தால் போதும், நாங்கள் இரண்டாவது.

ஜூன் 24, செவ்வாய்

மகிழினிக்குப் பதினாறு மாதத் தடுப்பூசி. நர்ஸ் அவள் புருவத்துக்கு மேல் இருந்த தழும்பைப் பார்த்து எப்படி என்று கேட்டார். ஏழு மாதத்தில் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள், மூன்று தையல் என்றேன். பக்கத்தில் யாரும் இல்லையா என்று கேட்டார். நான்தான் இருந்தேன் என்றேன்.

துண்டு எடுக்கத்தான் போனேன், அது கொடியில் கிடந்தது. கட்டிலிலிருந்து கொடிக்கு ஏழே தப்படி. பிற்பாடு எத்தனையோ முறை நடந்து பார்த்திருக்கிறேன். அவள் குப்புறப் படுத்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள், அப்போதுதான் பார்த்துவிட்டுப் போனேன். அதற்கு முன் அவள் ஒருமுறைகூட விளிம்பு வரை நகர்ந்ததில்லை.

காய்ச்சல் வரலாம் என்றார்கள், சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். நாளை பயிற்சி ஐந்து மணிக்கு.

ஜூன் 25, புதன்

பயிற்சி ஆட்டத்திலும் அதேதான். பிலோமினா அக்கா விசிலை ஊதி நிறுத்தி, நடுவில் நின்ற பெண்ணைத் திட்டினார். பிறகு மைதானத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

ஜூன் 28, சனி

சொல்லப் போன் எடுத்தேன். மூன்று முறை. மூன்றாவது முறை பிலோமினா அக்கா எடுத்து, நாளைக்குச் சட்டை எல்லாம் நீ வாங்கிட்டு வந்துடு, லாண்டரியில் இருக்கு என்றார். சரிக்கா என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

முதலிலிருந்து எழுதுகிறேன்.

நாகப்பட்டினம் மற்ற அணிகளைப் போல இல்லை. நாங்கள் மொய்த்தால் பதறவில்லை, ஒரே தட்டில் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் உயரமான பெண், எப்போதும் ரோஸியின் தோளை ஒட்டியே நின்றாள். பந்தலின் கீழ் இரண்டு நாற்காலியில் சென்னைக்காரர்கள், ஒரு அம்மாவும் ஒரு சாரும், மடியில் நோட்டு. வினோதினி பெஞ்சில், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு.

முப்பத்து மூன்றாவது நிமிடம். நாகப்பட்டினத்துப் பெண் ஒருத்தி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை வாங்கினாள். முதுகு. தலை அல்ல, முகம்கூட அல்ல. நான் இறங்கு என்று கத்தினேன். ரோஸி ஓடினாள். அந்தப் பெண் நிதானமாகத் திரும்பி, திறந்த இடத்தில் பந்தைத் தள்ளிவிட்டாள். வந்தவள் அடித்தாள். என் விரலில் பட்டு உள்ளே போனது. 0–1.

நான் திரும்பி பெஞ்சைப் பார்த்தேன். வினோதினி கோலைப் பார்க்கவில்லை. ரோஸி நின்ற இடத்தையும், முன்னால் ஆட்கள் இருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ கூட்டிப் பார்க்கிறவள் மாதிரி. கடைசியில் என்னைப் பார்த்தாள்.

இடைவேளையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஆடிய பெண்ணை பிலோமினா அக்கா திட்ட ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றேன்.

“அக்கா, வினோவ இறக்குங்க. அந்த எடம் இவங்களால தொறக்கல. நான்தான் முன்கூட்டியே இறங்கு சொல்லிட்றேன். அவங்க தலை தூக்கறதுக்கு முன்னாடியே. மொத மேட்ச்லேர்ந்தே. வீடியோல கேக்குது.”

“எப்ப கேட்ட?”

“பத்தாம் தேதி.”

அவர் தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தார். குடிக்கவில்லை.

“பத்தொம்போது நாளு,” என்றார். “கணக்கு படிச்ச புள்ள.”

நடுவில் ஆடிய பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாத்த ஆளு இருந்தா இப்பவே மாத்திருப்பேன்,” என்றார். இரண்டாவது கீப்பருக்கு விரலில் கட்டு. “நீ வாய மூடிட்டு நில்லு. இனிமே ரோஸி கூப்பிடுவா.”

“எனக்குப் பின்னாடி தெரியாதேக்கா,” என்றாள் ரோஸி.

“பின்னாடி உனக்கு எதுக்கு? பந்து வெச்சிருக்கறவ தலைய மட்டும் பாரு. பின்னாடி வந்தா இவ வருவா.” என் பக்கம் திரும்பவில்லை. “வருவியா?”

வருவேன் என்றேன்.

வினோதினி ஏற்கெனவே பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கட்டினாள். தலை நிமிரவில்லை.

இரண்டாவது பாதியில் நான் ஒரு சொல்லும் பேசவில்லை. ரோஸி ஏறு, ஏறு என்று கத்திக்கொண்டே போனாள். வரிசை நடுக்கோட்டில் போய் நின்றது, எனக்கு முன்னால் மைதானம் நீண்டுகொண்டே போனது. பெனால்டி பெட்டியை விட்டு வெளியே வந்து நின்றேன். பிலோமினா அக்கா எங்கிருந்தோ இன்னும் என்று கை காட்டினார். இன்னும் ஐந்து எட்டு வைத்தேன்.

ஆனால் நடுவில் இடம் இல்லை. நாகப்பட்டினத்துப் பெண்கள் திரும்பிய பக்கமெல்லாம் யாரோ ஒருத்தி இருந்தாள், பெரும்பாலும் வினோதினி. அறுபத்து நாலாவது நிமிடத்தில் அவர்களுடைய பெட்டிக்குப் பக்கத்திலேயே அவள் பந்தைப் பிடுங்கி, ஒரே தட்டில் முன்னால் கொடுத்தாள். கோல். 1–1. பந்தலில் அந்த அம்மா எதையோ எழுதினார். இது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

ஒன்று மட்டும். அந்தப் பாதி முழுக்க வினோதினி எனக்கு ஒரு பாஸும் தரவில்லை. நெருக்கடி வந்தால் கீப்பருக்குத் திருப்பிக் கொடு என்பதுதான் எங்கள் ஆட்டம். இரண்டு பேர் மேலே விழுந்தபோதும் அவள் பக்கவாட்டில் திமிறிக்கொண்டு போனாள். ஒருமுறை கீழே விழுந்து முட்டி உரிந்தது. நான் கையைத் தூக்கி நின்றேன். பார்த்தாள். தரவில்லை.

எண்பத்தைந்தாவது நிமிடம். எல்லோருக்கும் கால் ஓய்ந்துவிட்டது. மொய்க்கப் போனவர்கள் அரை நொடி பிந்தினார்கள். அந்த அரை நொடியில் நாகப்பட்டினத்துப் பெண் தலையைத் தூக்கினாள். நிஜமாகவே தூக்கினாள். ரோஸி சரியான நேரத்தில் இறங்கு என்றாள். பந்து எல்லோருடைய தலைக்கும் மேலே வந்தது, பின்னாலேயே ஒன்பதாம் நம்பர்.

நான் ஓடினேன். யோசிக்கவில்லை, முன்னால்தான் ஓடினேன். பெட்டியிலிருந்து பத்து மீட்டர் வெளியே இருவரும் ஒரே சமயத்தில் பந்தை எட்டினோம். என் கால் பட்டது. அவள் காலும் பட்டது. பந்து மேலே எழும்பி, என் தோளைத் தாண்டி, இரண்டு முறை குதித்து, மெதுவாக, யாரும் இல்லாத கோலுக்குள் உருண்டு போனது. அதைப் பார்த்துக்கொண்டே மண்ணில் கிடந்தேன்.

1–2. மாநிலச் சுற்று இல்லை.

சட்டையெல்லாம் பால் கசிந்து, மண் அப்பி, எழுந்து வந்தேன். பிலோமினா அக்கா என் பக்கத்தில் நின்றார். “கடசி கோலு எனக்கு ஓகே,” என்றார். “நாம ஆடற ஆட்டத்துல அப்பிடி ஒண்ணு வரத்தான் வரும். எல்லாரும் சரியாத்தான் செஞ்சீங்க.” திரும்பிப் போகும்போது சொன்னார், “மத்ததுதான் எனக்கு ஓகே இல்ல.”

சென்னை அம்மா வினோதினியைக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது.

ஜூன் 30, திங்கள்

உடம்பு முழுக்க வலி. மகிழினி என் முழங்காலில் இருந்த காயத்தைத் தொட்டுத் தொட்டு, உஃப் உஃப் என்று ஊதினாள்.

ஜூலை 2, புதன்

சீசன் முடிந்ததே, இனிமேல் போகமாட்டாயா என்று பரணி கேட்டார். காலைப் பயிற்சி தொடர்ந்து நடக்கும், வேண்டுமானால் வா, வேண்டாமென்றால் சட்டையைத் துவைத்துக் கொடுத்துவிடு என்று பிலோமினா அக்கா செய்தி அனுப்பியிருக்கிறார். பரணியிடம் காட்டினேன். “என்னா இப்பிடி எழுதியிருக்காங்க?” என்றார். நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும். முடிந்ததும், அந்தப் பெண்ணிடம் போய் நேராகச் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

கடைக்குப் போனேன். வினோதினி ஒரு குடும்பத்துக்குப் பட்டுப்புடவை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். காத்திருந்தேன். அவர்கள் போனதும் புடவைகளை மடித்துக்கொண்டே, “என்னா பாக்கறீங்க, பூனமா, காட்டனா?” என்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

தப்பு என் மேல், தெரிந்தே மறைத்தேன், அன்றைக்குச் சைக்கிள் ஸ்டாண்டில் நீ கேட்டபோதே எனக்குத் தெரியும் என்றேன்.

“தெரியும்க்கா,” என்றாள். “அத நெனச்சாதான் எனக்கு ஆகல. கோலு விட்டதுகூட இல்ல. இன்னும் பின்னாடி நில்லுன்னு சொன்னீங்க பாருங்க. நான் வீட்டுக்குப் போயி சொவுத்துல கோடு போட்டு நின்னு பாத்தேன்.”

மேலாளர் கூப்பிட்டார். போய்விட்டாள்.

ஜூலை 5, சனி

வினோதினிக்குச் சென்னையிலிருந்து போன் வந்துவிட்டதாம். இருபதாம் தேதி தேர்வு, நாலு நாள் தங்க வேண்டும். ரோஸிதான் சொன்னாள். வினோதினி எனக்குச் சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலை ஆறு மணிக்குப் போனேன். எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, யாரும் பக்கத்தில் வந்து நிற்கவும் இல்லை. பிலோமினா அக்கா நான்குக்கு நான்கு பிரித்தார். வினோதினி என் பக்கம்.

பத்து நிமிடம் பந்து என்னிடம் வரவே இல்லை. வெளியே வந்து, கையைத் தூக்காமல் நின்றேன். ரோஸி ஏறு என்றபோது ஏறினேன்.

ஒரு தடவை இரண்டு பேர் வினோதினியை மூலையில் மடக்கினார்கள். பக்கத்தில் ஆள் இல்லை. ஒரு நொடி பந்தைக் காலில் மிதித்தபடி நின்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே பின்னால் அனுப்பினாள். வேகமாக, மேட்டில் துள்ளி, நேராக என் இடது காலுக்கு. என் இடது கால் எதற்கும் உதவாது என்பது இந்த அணியில் எல்லோருக்கும் தெரியும்.

தடுமாறித்தான் வாங்கினேன். ரோஸியிடம் கொடுத்தேன்.

அடுத்ததும் அதே காலுக்குத்தான் வந்தது.